மாணிக்கமும் நீலமும்: குற்றம் சொல்லும் பிறப்பு

திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. வேட்டைக்குச் சென்ற வீரபாண்டியன் புலியால் மாண்டுபோக, அவனுடைய காமக்கிழத்தியர் பெற்ற மக்கள் கருவூலத்தில் இருந்த மணிகளையும் திருமுடியையும் கவர்ந்துகொண்டு போய்விடுகிறார்கள். பட்டத்துக்குரிய மகனோ சிறு பிள்ளை. புதிய முடியில் பதிக்க மணிகள் இல்லாமல் அமைச்சர்கள் கலங்கி நிற்கும்போது, சொக்கநாதர் ஒரு நவமணி வணிகராக வந்து, மணிகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் பிறந்த கதையையும் அதன் குணத்தையும் குற்றத்தையும் விரித்துரைக்கிறார். இறைவன் தோன்றி மணிகளைக் கொடுத்து மறைந்தார் என்று இரண்டு பாட்டில் முடித்திருக்கக்கூடிய கதை அது. பரஞ்சோதி முனிவர் அப்படி முடிக்காமல், கல்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தையே இறைவனின் வாய்மொழியாக வைத்தார். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றும் நடத்தப்படுகிறது. அந்த விழாவின் பெயரைத் தாங்கிய தெற்கு ஆவணி மூல வீதியில்தான் நகரத்தின் நகைக்கடைகள் நெருங்கி நிற்கின்றன.

அந்த வணிகர் சொல்லும் பிறப்புக் கதை வலன் என்ற அசுரனைப் பற்றியது. ஆயுதத்தால் இறவாத வரம் பெற்ற வலன், இந்திரன் கேட்டதற்கு இணங்கி அவனுடைய வேள்விக்குப் பசுவாகத் தன்னையே கொடுக்கிறான். கொடையின் பயனாக அவனுடைய உடலின் ஒவ்வொரு கூறும் ஒரு மணியாகிறது. குருதி மாணிக்கமாயிற்று, பல் முத்தாயிற்று, எலும்பு வைரமாயிற்று, பித்தம் மரகதமாயிற்று, கண் நீலமாயிற்று. இந்தக் கதை கருட புராணத்திலும் வருகிறது. அங்கே இலங்கையும் சேர்ந்துகொள்கிறது: வலனின் குருதியைச் சூரியன் ஏந்திக்கொண்டு வானத்தில் செல்லும்போது இராவணன் வழிமறிக்க, அது சிங்கள நாட்டின் ஆற்றில் விழுந்துவிடுகிறது, இராவண கங்கை என்று பெயர் பெற்ற அந்த ஆற்றின் கரைகளில் மாணிக்கம் விளைந்தது என்கிறது புராணம். அசுரனின் கண்களும் அதே நாட்டில் விழுந்து நீலமாயின. சிவப்பையும் நீலத்தையும் ஒரே உடலிலிருந்து, ஒரே மண்ணில் பிறப்பித்த இந்தக் கற்பனையை நான் மிகவும் மதிக்கிறேன். கனிமவியல் அவை இரண்டையும் ஒரே பொருளாக அடையாளம் கண்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

இரண்டும் குருந்தம் என்ற கனிமத்தின் வடிவங்கள். குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த, தூய நிலையில் நிறமே இல்லாத ஒரு படிகம். அதில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் அமர்ந்துவிட்டால் கல் சிவக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு அளவே நல்ல மாணிக்கத்துக்குப் போதும். இரும்பும் டைட்டானியமும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் அமர்ந்தால், ஒளி பட்டவுடன் ஓர் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்குச் சிவப்பும் மஞ்சளுமான ஒளி செலவாகிவிட, எஞ்சிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. இதற்குத் தேவையான அளவு இன்னும் குறைவு, நூற்றில் ஒரு பங்கில் மீண்டும் ஒரு சிறு பகுதி. இரும்பு மட்டும் தனியாக இருந்தால் மஞ்சள் நிறம் வரும். கடைகளில் புஷ்பராகம் என்று விற்கப்படும் மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை இந்த மஞ்சள் குருந்தமே.

அலுமினியமும் ஆக்சிஜனும் பூமியின் மேலோட்டில் நிறைந்து கிடப்பவை. பிறகு ஏன் மாணிக்கம் அரிதாக இருக்கிறது என்ற கேள்வி எழும். காரணம், மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கா. அது அலுமினியத்தை விட்டுவைப்பதில்லை. பாறை உருவாகும் இடத்தில் சிலிக்கா கொஞ்சம் இருந்தாலும் அலுமினியம் அதனுடன் சேர்ந்து பெல்ஸ்பார், மைக்கா போன்ற வேறு கனிமங்களாகப் போய்விடும். சிலிக்கா மிகக் குறைந்த சூழல் ஒன்று வேண்டும். அங்கே கடும் வெப்பமும் அழுத்தமும் வேண்டும். அதற்கு மேல் குரோமியம் அந்த வழியே வர வேண்டும். பர்மாவின் மோகோக்கில் இது சுண்ணாம்புப் பாறை பளிங்காக மாறிய இடத்தில் நடந்தது. பளிங்கில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு, மாணிக்கத்தின் ஒளிர்வை அணைத்துவிடும் தன்மை உடையது. அது இல்லாததால்தான் மோகோக் மாணிக்கம் வெயிலில் வைத்தால் உள்ளிருந்து எரிவது போலத் தெரிகிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிவப்பாக ஒளிரவைக்கிறது. மாணிக்கத்தின் இந்த ஒளிர்வை மூலதனமாகக் கொண்டுதான் தியோடர் மைமன் 1960இல் செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றிலிருந்து உலகின் முதல் லேசர் ஒளியை எடுத்தார்.

கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம் குருந்தத்துக்கு, கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 9. நம் நாட்டுக் கல் வேலைக்காரர்கள் நிறம் குன்றிய, ஒளி புகாத குருந்தத்தைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். மாணிக்கத்தைப் பட்டை தீட்டியதும் அந்தச் சாணைதான். தென்னிந்தியாவில் கிடைத்த இந்தச் சாணைக் குருந்தம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போயிற்று. கனிமச் சேகரிப்பாளர் சார்லஸ் கிரெவில் 1798இல் அதைப் பற்றி எழுதினார். அவருடைய சேகரிப்பில் இருந்த படிகங்களின் கோணங்களை அளந்த பிரெஞ்சுக் கனிமவியலாளர் பூர்னோன் பிரபு, தென்னிந்தியாவின் கரடுமுரடான சாணைக்கல்லும் அரசர்கள் அணிந்த மாணிக்கமும் நீலமும் ஒரே படிகம் என்பதை நிறுவினார். அதற்கு முன்பு வேறு சிவந்த கற்கள் பலவும் மாணிக்கம் என்றே கொள்ளப்பட்டன. பிரிட்டன் அரச முடியின் முன்புறத்தில் பதிக்கப்பட்டிருக்கும், கருப்பு இளவரசரின் மாணிக்கம் என்று புகழ்பெற்ற பெரிய சிவப்புக் கல் உண்மையில் ஸ்பினல் என்ற வேறு கனிமம். அந்தக் கல்லின் அழகை இது சிறிதும் குறைக்காது. நல்ல ஸ்பினலை அதன் சொந்தப் பெயரிலேயே மதித்து வாங்குபவர்கள் இப்போது பெருகிவருவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கல்லைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் சோதிடர் சொன்னபடி நீலமோ மாணிக்கமோ வாங்கியவர்கள். மீதிப்பேர் பாட்டியின் கெம்பு அட்டிகையையோ தோட்டையோ அழித்துப் புதிது செய்ய எண்ணுபவர்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், கல்லு சுத்தமா இருக்கா?” சுத்தம் என்றால் உள்ளே ஒன்றும் தெரியக்கூடாது, புள்ளி, கோடு, மேகம், வெடிப்பு எதுவும் இருக்கக்கூடாது. இந்த எதிர்பார்ப்பு இன்று நேற்று வந்ததன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் சுற்றிப் பார்க்கும் மதுரை மணிக் கடைவீதியில், காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும் நீங்கிய வைரமும், ஏகையும் மாலையும் இருளும் துறந்த மரகதமும் விற்கப்படுகின்றன. காக்கைக் கால் போன்ற வெடிப்பு, கறை, புள்ளி, கோடு என்று அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இன்று நான் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கிறேன். அந்த வீதியின் வணிகர்கள் கல்லை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பி எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இந்தப் பட்டியல் உருவாகியிருக்கும் என்பதை நினைக்கும்போது அவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது.

ஆனால் அவர்கள் காலத்தில் கல் பூமியிலிருந்து மட்டுமே வந்தது. அந்த ஒரு நிலைமை மாறியபோது, குற்றம் என்பதன் இடமும் மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாறிய ஆண்டு 1902. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னெய், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரின் வழியே அலுமினியம் ஆக்சைடுப் பொடியையும் சிறிது குரோமியத்தையும் மெல்லத் தூவி, உருகிய துளிகள் கீழே ஒரு தண்டின்மேல் விழுந்து படிகமாக வளரும்படி செய்த முறையை அந்த ஆண்டில் வெளியிட்டார். சில மணி நேரத்தில் விரல் அளவு மாணிக்கம் விளைந்தது. அது கண்ணாடி அன்று. சாயம் பூசிய பளிங்கும் அன்று. அதே அலுமினியம் ஆக்சைடு, அதே கடினம், அதே ஒப்படர்த்தி 4, ஒளிவிலகல் எண்ணும் அதே 1.76 முதல் 1.77 வரை. ஒளிவிலகல்மானியில் வைத்தால் மோகோக் மாணிக்கம் காட்டும் எண்ணையே வெர்னெய் மாணிக்கமும் காட்டும். எடைபோட்டுப் பார்த்தாலும், கீறிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. சில ஆண்டுகளுக்குள் நீலத்தையும் அவ்வாறே செய்ய வழி கண்டார்கள்.

அப்படியானால் எதை வைத்துப் பிரித்தறிவது? உள்ளே இருப்பதை வைத்துத்தான். பூமியில் வளரும் குருந்தம் அறுகோண வடிவில், தட்டையான முகங்களோடு, மிக மெதுவாக அடுக்கடுக்காக வளர்கிறது. ஆகவே அதன் உள்ளே நிறம் கூடிக் குறையும் பட்டைகள் நேர்கோடாக இருக்கும். இரண்டு முகங்கள் சந்திக்கும் இடத்தில் அந்தக் கோடுகள் 120 பாகையில் வளைந்து திரும்பாமல் மடிந்து திரும்பும். சுடரின் கீழ் வளரும் குருந்தத்தின் மேற்பரப்போ உருகிய குவிந்த பரப்பு. அதன் அடுக்குகள் வளைகோடுகளாகவே படியும். பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல, ஒன்றோடொன்று இணையாக வளைந்து செல்லும் அந்த நுண்கோடுகளைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சில சமயம் கோடுகள் பிடிபடாமல், வளிக்குமிழிகள் மட்டும் தெரியும். அவையும் சுடரில் வளர்ந்ததன் அடையாளமே.

ஒரு மூதாட்டி தன் தாயார் அணிந்த தோடு ஒன்றைக் கொண்டுவந்தார். அடி மூடிய பதிப்பு. கல்லுக்குக் கீழே ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய தகடு வைத்துப் பதித்த பழைய வேலை. நடுவில் இருந்த சிவப்புக் கல், சுற்றியிருந்த சிறு கெம்புகளைவிடத் தெளிவாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. “நடுக்கல்லு மட்டும் அசல் பர்மா தம்பி, எங்க ஆத்தா சொல்லும்” என்றார். அடிப்பகுதி மூடியிருந்ததால் கல்லை ஊடுருவி ஒளி செலுத்த முடியாது. பக்கவாட்டில் ஒரு நுண்ணிய இழை விளக்கை வைத்து, நுண்ணோக்கியின் கீழ் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போனேன். மேல்பட்டையின் விளிம்புக்குக் கீழே ஓரிடத்தில் அந்த வளைகோடுகள் தோன்றின. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் மறைந்தன. சுற்றியிருந்த சிறு கற்களைப் பார்த்தேன். கலங்கலாக, முனை உடைந்து, ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகாமல் இருந்த அவற்றில் நேர்கோட்டு வளர்ச்சிப் பட்டைகளும் ஊசி போன்ற படிகங்களும் இருந்தன. பூமியில் பிறந்த மாணிக்கங்கள் அவைதான். செயற்கை மாணிக்கம் வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டதால், பாட்டி காலத்து நகை என்பதே இயற்கைக் கல்லுக்குச் சான்றாகிவிடாது. அந்தத் தோட்டை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் அந்தக் கல்லும் கடல் கடந்து வந்த புதுமைதான். அதைப் பதித்த கைவேலை இன்று கிடைப்பது அரிது.

சிலப்பதிகாரத்தின் வழக்கே உள்ளே இருப்பதை வைத்துத்தான் தீர்கிறது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டு சிலம்புகளும் ஒன்றுபோல இருந்தன. கண்ணகி உடைத்ததும் முத்து இல்லை, மாணிக்கம் தெறித்தது.

இலங்கையில் இரத்தினபுரியைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் குழி தோண்டி எடுக்கும் கற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், களு கங்கையும் அதன் துணை ஆறுகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக மலையை அரித்துக் கொண்டுவந்த சரளை, வண்டலுக்குக் கீழே ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. இல்லம என்று அதற்குப் பெயர். தாய்ப்பாறை சிதைந்து மறைந்துவிட்டது. கடினமும் எடையும் உள்ள குருந்தம், ஸ்பினல், கார்னெட், சிர்க்கான் போன்றவை மட்டும் அந்தச் சரளையில் தங்கிவிட்டன. குழியின் பக்கங்கள் சரியாமல் இருக்க மரச்சட்டம் அடித்து, இடைவெளியில் பெரணித் தழையைத் திணிக்கிறார்கள். இறைக்க இறைக்க நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அள்ளிய சரளையைக் கூடையில் இட்டு நீரில் சுழற்றும்போது இலேசான மணலும் களிமண்ணும் வெளியேற, கனத்த கற்கள் அடியில் சேரும். பிறகு ஒருவர் அந்தக் கூடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு விரலால் துழாவிப் பார்ப்பார். குழியில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்வதில்லை. நில உரிமையாளர், உரிமம் பெற்றவர், நீர் இறைக்கும் பொறி வைத்திருப்பவர், உழைப்பவர்கள் என்று கிடைக்கும் கல்லில் பங்கு. பல மாதம் ஒன்றுமே கிடைக்காமல் போவதும் உண்டு. பேருவளையின் சீனன்கோட்டைச் சந்தையில், தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் கையில் கல்லை வைத்துப் பார்க்கும் திறமையைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். இலங்கை மன்னரிடம் ஒரு சாண் நீளமும் மனிதக் கையின் பருமனும் உள்ள மாணிக்கம் இருந்ததாகவும், குப்லாய் கான் அதற்கு ஈடாக ஒரு நகரத்தையே தருவதாகச் சொல்லியும் அவர் விற்க மறுத்ததாகவும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். 1926இல் பெல்மதுளையில் கிடைத்து, பிற்பாடு 392.52 காரட் நீலமாகப் பட்டை தீட்டப்பட்ட கல், 2014இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த வயல்வெளிகள் இன்னும் கல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இலங்கை நீலத்தைக் கையில் எடுத்தால் முதலில் அதைப் பக்கவாட்டில் பாருங்கள். பல கற்களில் உடல் முழுதும் நிறமே இருக்காது. அடியில், கூர்முனைக்குப் பக்கத்தில் ஒரு நீலத் திட்டு மட்டும் இருக்கும். பட்டை தீட்டியவர் அந்தத் திட்டை அங்கே வரும்படி திட்டமிட்டு, வயிறு பருத்த வடிவில் கல்லை விட்டிருப்பார். நேராகத் திருப்பி மேலிருந்து பார்த்தால் உள்ளே போன ஒளி அந்தத் திட்டின் வழியே திரும்பி வந்து, கல் முழுவதும் நீலமாகத் தெரியும். வெளிநாட்டு வணிகர்கள் இந்த வெட்டைச் சமச்சீர் இல்லாதது என்று குறை சொல்வார்கள். படிகத்தை இவ்வளவு புரிந்துகொண்டவருடைய கைவேலையை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த நீலத்தை நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது பட்டு. ரூட்டைல் என்ற டைட்டானியம் ஆக்சைடு, கல் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தபோது உள்ளேயே மிக மெல்லிய ஊசிகளாகப் பிரிந்து, படிகத்தின் அறுகோண ஒழுங்கின்படி மூன்று திசைகளில், ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டிக்கொண்டு நிற்கிறது. ஒளியைச் சரியான கோணத்தில் விட்டால் அந்த ஊசிகள் வானவில் நிறங்களில் பளிச்சிடும். இது அளவாக இருந்தால் ஒளியைச் சிதறடித்துக் கல்லுக்கு ஒரு மென்மையைக் கொடுக்கும். 1880களின் தொடக்கத்தில் காஷ்மீரின் பாடர் பகுதியில் நிலச்சரிவுக்குப் பின் வெளிப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துபோன புகழ்பெற்ற நீலத்தின் பட்டுத்துணி போன்ற சாயலுக்கும் உள்ளே சிதறிக் கிடக்கும் நுண்ணிய துகள்களே காரணம். ஊசிகள் மிக அடர்த்தியாக இருந்தால், கல்லைப் பட்டை தீட்டாமல் குமிழ் வடிவில் வழவழப்பாக்கும்போது மேலே ஆறு கதிர் நட்சத்திரம் தோன்றும். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள, 563 காரட் எடையுள்ள ‘இந்தியாவின் நட்சத்திரம்’ அப்படிப்பட்ட இலங்கைக் கல். பழைய பட்டியலின்படி பார்த்தால் அதன் நட்சத்திரம் முழுவதும் குற்றத்தால் ஆனது.

அந்தப் பட்டு இன்னொன்றையும் சொல்லும். கல் நெருப்பில் போய் வந்ததா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். கல்லைச் சுடுவது புதிய பழக்கம் அன்று. 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்-பிரூனி மாணிக்கத்தைச் சுட்டு அதன் கருமையைப் போக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார். இலங்கையில் ஊதுகுழலால் கரி நெருப்பை ஊதி நீலம் கலந்த மாணிக்கத்தைத் தெளியவைக்கும் கைமுறை வெகுகாலமாக உண்டு. 1970களில் நடந்தது வேறு அளவிலானது. பால் கலங்கியது போல இருக்கும் கெவுட என்ற கல்லை இலங்கையில் பெரிதாக யாரும் மதித்ததில்லை. தாய்லாந்து வணிகர்கள் அதைக் குறைந்த விலைக்கு அள்ளிச் சென்று, 1,600 டிகிரி செல்சியசுக்கு மேல், ஆக்சிஜன் குறைந்த உலையில் சுட்டார்கள். அந்த வெப்பத்தில் ரூட்டைல் ஊசிகள் கரைந்து, அவற்றின் டைட்டானியம் படிகத்துக்குள் பரவி, அங்கே ஏற்கெனவே இருந்த இரும்போடு சேர்ந்துகொண்டது. கலங்கல் போய் ஆழ்ந்த நீலம் வந்தது. இலங்கை வணிகர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்குள் எவ்வளவோ கல் போய்விட்டது.

இன்று சந்தையில் இருக்கும் நீலத்திலும் மாணிக்கத்திலும் மிகப் பெரும்பான்மை சுடப்பட்டதுதான். சுட்டதால் வரும் நிறம் நிலையானது. சுட்ட கல் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் எந்தத் தவறும் இல்லை என்பது என் கருத்து. சுடாத கல்லுக்கு விலை பல மடங்கு கூடுவதால், அந்த ஒரு சொல்லை மறைக்கத் தூண்டுதல் அதிகம். அப்போது பட்டுதான் சாட்சி. ஊசிகள் விளிம்பு கூர்மையாக, முழு நீளத்துக்கு இருந்தால் கல் கடும் நெருப்பைக் கண்டதில்லை. ஊசிகள் அறுபட்டுப் புள்ளி வரிசையாகத் தெரிந்தாலோ, உள்ளே இருந்த சிறு படிகம் ஒன்று உருகிச் சுற்றிலும் வட்டத் தட்டுப் போல வெடிப்பு விரிந்திருந்தாலோ அது சுட்ட கல். உள்ளே ஒன்றுமே இல்லாத நீலத்தைக் கொடுத்து, இது சுடாதது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு என்னால் கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடிவதில்லை. பெரிய ஆய்வகத்தின் நிறமாலைக் கருவிகளுக்கு அனுப்பச் சொல்கிறேன். சாட்சி இல்லாத இடத்தில் தீர்ப்பும் கடினம்.

சுடுவதைத் தாண்டிப் போன வேலைகளைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேச எனக்கு இயலாது. 2002ஆம் ஆண்டளவில், தாமரை நிறம் என்று போற்றப்படும் இளஞ்சிவப்பு ஆரஞ்சுக் குருந்தம் திடீரென்று சந்தையில் குவிந்தது. பெரிலியத்தை உலையில் சேர்த்து, அதைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்து அந்த நிறத்தை வரவழைத்திருந்தார்கள் என்பது ஆய்வகங்களின் உழைப்பால் பிறகு தெரியவந்தது. 2004 வாக்கில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வந்தது. வெடிப்புகள் நிறைந்து, நகைக்கு உதவாத சிவப்புக் குருந்தத்தின் பிளவுகளுக்குள் ஈயம் மிகுந்த கண்ணாடியை உருக்கிச் செலுத்திவிடுவார்கள். அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் வெடிப்புகள் கண்ணுக்கு மறைந்து, கல் தெளிந்துவிடும். மோதிரத்தின் அளவை மாற்றத் தட்டார் ஊதுகுழல் வைத்தால் அந்தக் கண்ணாடி உருகிவிடும். அமிலத்தில் இட்டால் கரையும். எலுமிச்சைச் சாறுகூட அதை அரித்து வெள்ளைக் கோடுகளை வெளியே கொண்டுவந்துவிடும். இத்தகைய மோதிரத்தோடு வந்த ஓர் இளம் தம்பதியிடம் நுண்ணோக்கியைத் திருப்பிக் காட்டினேன். கல்லைச் சாய்த்ததும் பிளவுகளில் நீலமும் ஊதாவுமான மின்னல்கள் ஓடின, நடுவே தட்டையான குமிழிகள். அவர்கள் அதை வாங்கிய கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்கள் சுத்தமான கல்லைத்தான் கேட்டார்கள். குறைந்த விலையில் சுத்தத்தைக் கொடுப்பதற்கு இப்படித்தான் வழி கண்டிருக்கிறார்கள்.

நீலத்தைப் பற்றிய அச்சத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒன்பது கோள்களுக்கு ஒன்பது மணி என்ற வரிசையில் மாணிக்கம் சூரியனுக்கும் நீலம் சனிக்கும் உரியவை. மாணிக்கத்தைத் தயங்காமல் அணிபவர்கள் நீலத்துக்கு மட்டும் அஞ்சுகிறார்கள். நீலம் ஒத்துக்கொண்டால் உயர்த்தும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்ற நம்பிக்கையால், துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, என்ன கனவு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். இந்த நம்பிக்கையை நான் யாரிடமும் மறுத்துப் பேசுவதில்லை. அது அவர்களுடைய வாழ்க்கையின் ஆழமான இடத்தோடு தொடர்புடையது. ஆனால் ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்கிறேன். கோளுக்கு உரிய மணி இயற்கையாகப் பிறந்ததாக இருக்க வேண்டும் என்பதும், அதில் குற்றமே இருக்கக்கூடாது என்பதும் சோதிடர்கள் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு விதிகள். சில ஆயிரம் ரூபாயில், ஐந்து காரட்டில், இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் கடையில் பெரும்பாலும் கிடைப்பது சுடரில் வளர்ந்த நீலம். முதல் விதி மீறப்பட்டிருப்பது அணிந்தவருக்குத் தெரியாது. கண்ணுக்கு உறுத்தாத அளவில் பட்டும் நேர்ப்பட்டையும் உள்ள ஒரு சிறிய கல்லை வாங்கச் சொல்வதே நான் கொடுக்கும் ஆலோசனை. திருவிளையாடலின் வணிகரும் குற்றத்தைப் பட்டியலிட்டது கல்லை அடையாளம் காணத்தான் என்றே நான் படிக்கிறேன்.

எந்த ஊர்க் கல் என்ற கேள்வி இவை எல்லாவற்றிலும் கடினமானது. பர்மா, காஷ்மீர், இலங்கை என்ற பெயர்களுக்கு ஏலங்களில் தனி விலை உண்டு. ஆயினும் அந்த வரிசை நிலையானது அன்று. மொசாம்பிக்கின் மொன்டெபுவேசில் 2009இல்தான் மாணிக்கம் கண்டறியப்பட்டது. அங்கே கிடைத்த கல்லிலிருந்து வந்த 55.22 காரட் மாணிக்கம் 2023இல் நியூயார்க்கில் 3 கோடியே 48 இலட்சம் டாலருக்கு விற்று, மாணிக்க விலையில் முன்னிருந்த பர்மியக் கல்லைத் தாண்டிவிட்டது. ஆய்வகங்கள் உட்படிகங்களையும், இரும்பு, வனேடியம், காலியம் போன்றவற்றின் நுண்ணளவுகளையும் ஒப்பிட்டு ஊரைக் கணிக்கின்றன. சான்றிதழிலும் அதைத் தங்கள் கருத்து என்றே எழுதுகின்றன. 1998க்குப் பிறகு மடகாஸ்கரின் இலகாகாவிலிருந்து நீலம் பெருமளவில் வரத் தொடங்கியபோது, அதை இலங்கை நீலத்திலிருந்து பிரிப்பது அவர்களுக்கே பெரும் சோதனையாயிற்று. அதற்குப் புவியியல் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இலங்கையும் மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் அடுத்தடுத்து இருந்தன. ஒரே மலையாக்கத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அவற்றின் பாறைகள் உருமாறின. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெளிறிய பாறைக்குள் சிவந்த குருந்தம் கிடப்பதும், காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலைப் பாறையில் குருந்தம் இருப்பதும் அந்த மண்டலத்தின் பகுதிகள்தான். அவற்றில் பெரும்பாலானவை ஒளி புகாதவை, மோதிரத்துக்கு ஆகாதவை. அவற்றை வாங்கிவந்து மேசையில் வைத்திருக்கிறேன். கல் வாங்க வருபவர்களிடம் முதலில் அவற்றைக் கொடுத்து, அறுகோண முகத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.